பதினோராவது கேள்வி

போன மாதம், நான் வேலையை விடும் முன்பு, நம் கம்பனிப் பிள்ளைகளான உங்களில் ஒருவர், சென்னைப் பிள்ளை, தேநீர் இடைவேளையில் என்னிடம் கேட்டார். "ஆன்ட்டி, அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் இல்லாம, ஆபத்தான டிரைவர் யாருன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எங்கே கண்டுபிடித்தேன்? கோட்டை விட்டேன். அந்த ஆள் தானே மாடிப்படி ஏறி வந்து, "நான்தான் அது" என்று என் மேசைக்கு முன்னால் நின்றார். அன்று பிளந்த வாய் எனக்கு இன்னும் சரியாக மூடவில்லை. அன்றைக்குப் பதில் சொல்ல நேரம் போதவில்லை. இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன், நேரம் தாராளமாக இருக்கிறது. ஆகவே கேளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஒக்லாந்து நகரின் நடுவே ஒரு காப்புறுதிக் கம்பனியில், உங்கள் சொல்லில் இன்சூரன்ஸ் கம்பனியில், மூன்றாம் மாடியில், மோட்டார் பிரிவில் நான் எழுதுவினைஞர், அதாவது கிளார்க். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த மாடி முழுவதிலும் சேலை கட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கார் ஓடத் தெரியாத ஒரே ஆளும் நான்தான். அதை வைத்து என்னை நன்றாகக் கேலி செய்வார்கள்.

இந்த நாட்டில் கார் காப்புறுதி கட்டாயமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பொலிஸ் மறித்தாலும் அதைக் கேட்பதில்லை. ஆனால் தவணை முறையில் கார் வாங்கியவரிடம் ஃபைனான்ஸ் கம்பனி கேட்கும். கார் முழுக் காப்புறுதியில் இருக்கிறது என்பதற்குச் சான்று காட்டாவிட்டால், காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதிலும் விபத்துக்கு மேல் விபத்துச் செய்தவர், குடித்துவிட்டுக் கார் ஓடிப் பிடிபட்டவர் என்றால், அந்தச் சான்றை இறுக்கிப் பிடித்துக் கேட்பார்கள். அப்படிப்பட்டவருக்குத்தான் எந்தக் கம்பனியும் காப்புறுதி கொடுக்காது. இந்த இடுக்கில் மாட்டிக்கொண்டு வருபவர்கள்தான் எங்கள் மேசைக்கு முன்னால் உட்காருவார்கள். அவர்களுக்கு வேண்டிய சான்றுக்குக் கவர் நோட் என்று பெயர். புத்தகமாக இருக்கும். மேல் தாள் அவர்களுக்கு, கார்பன் பிரதி எங்களுக்கு. அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை அப்போதுதான் எனக்குக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் தாண்டிய நேரம். மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நகரின் மேற்கு ஓரத்தில், ரானுயியில் இருந்த அண்ணையும் அவர் மனைவி மனோ அக்காவும்.

அண்ணையின் பெயர் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். இங்கே அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. நானும் என் கணவரும் இரண்டு சூட்கேசோடு இந்த ஊரில் வந்து இறங்கியபோது, விமான நிலையத்துக்குக் கார் கொண்டுவந்தவர் அவர். முன்பின் தெரியாத எங்களை மூன்று கிழமை தன் வீட்டில் வைத்திருந்தார். அந்த மூன்று வாரமும் மனோ அக்கா போட்ட சோறு இன்னும் என் வயிற்றில் இருக்கிறது.

விமான நிலையத்துக்கு வந்த அதே காரைத்தான் இப்போது ஃபைனான்ஸ் கம்பனி கொண்டுபோயிருந்தது. தவணை ஒன்றும் பிந்தவில்லை. பழைய காப்புறுதிக் கம்பனி அண்ணையைக் கைவிட்டுவிட்டது, அவ்வளவுதான். கார் நகரின் தெற்கே மனுகாவில் ஒரு யார்டில் நின்றது. அன்று பின்னேரம் ஐந்து மணிக்குள் காப்புறுதிச் சான்றைக் கொண்டுபோய்க் காட்டினால் திருப்பித் தருவார்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை ஏலம்.

"கார் இல்லையெண்டா மனோ வேலைக்குப் போகேலாது, பிள்ளை," என்றார் அண்ணை. அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, காலை ஆறு மணிக்கு. அந்த நேரத்துக்கு ரானுயியில் இருந்து பஸ் கிடையாது. தன் வேலைக்குப் போகும் வழியில் அண்ணைதான் இறக்கிவிடுவார். அந்த வேலையில்தான் அவர்கள் குடும்பத்தின் விசா தொங்கிக்கொண்டிருந்தது.  அக்கா கைப்பையின் வாரைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினேன். பெயர், முகவரி, காரின் வருடம் எல்லாம் மளமளவென்று போனது. பதினோராவது கேள்வியில் என் பேனா நின்றது. காரை ஓட்டப்போகும் எவராவது விபத்துச் செய்ததுண்டா, நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டதுண்டா, வேறு கம்பனி காப்புறுதியை மறுத்ததுண்டா? நாங்கள் இதை வாய்விட்டு வாசித்து, பதிலை வாடிக்கையாளரின் வாயால் கேட்டு எழுதவேண்டும். அதுதான் விதி.

எப்படிக் கேட்பேன், சொல்லுங்கள்? எனக்குச் சோறு போட்ட மனிதர். பக்கத்தில் அவருடைய மனைவி. "அண்ணை, நீங்கள் குடிச்சுப்போட்டு ஓடினீங்களோ?" என்று என் வாயால் கேட்பதா? எனக்குத் தெரியாமலும் இல்லை. அவர்கள் வீட்டில் இருந்த நாளில், அரிசிப் பெட்டிக்குப் பின்னால் போத்தலை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஊரில் நடந்த சண்டையில் அவருடைய தம்பி இல்லாமல் போனதைச் சொல்லித் தந்தி வந்த பிறகு தொடங்கிய பழக்கம் அது. ஹெண்டர்சனில் ஒரு லைட் கம்பத்தில் கார் மோதிய கதையும் காதில் விழுந்திருந்தது. எல்லாம் தெரிந்தும், நான் பதினோராவது கேள்வியை வாசிக்காமலே, "இல்லை" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன். படிவத்தின் கீழே அண்ணை கையெழுத்துப் போட்டார், பக்கத்தில் நான் போட்டேன். நான் கவர் நோட்டைக் கிழித்து, படிவத்தின் பிரதியோடு சேர்த்துக் கொடுத்தேன். போய்விட்டார்கள்.

பெரிய உதவி செய்துவிட்ட பூரிப்பில் ஒரு கோப்பி போட்டுக் குடித்தேன். அறிவு கெட்டவள்.

முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அண்ணை மறுபடியும் மேசைக்கு முன்னால் நிற்கிறார். பின்னால் அக்கா. அண்ணையின் கையில் கவர் நோட்டும் படிவத்தின் பிரதியும். மூன்று மாடி ஏறிவந்த மூச்சு வாங்குகிறது.

"என்ன அண்ணை, பஸ்ஸை விட்டிட்டீங்களோ?"

"பஸ் வந்தது. நாங்கள் ஏறேல்லை." தாளை என் மேசையில் வைத்தார். "பிள்ளை, நீர் என்னட்டை ஒரு கேள்வி கேக்கேல்லை."

நான் தட்டில் இருந்த எங்கள் படிவத்தை இழுத்து எடுத்தேன்.

"நீர் கேக்காமல் விட்டது எனக்குத் தெரியும். உள்ளுக்குள்ள சந்தோசமாத்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சந்தோசம். பிறகு பிரதியை எடுத்து வாசிச்சன். 'இல்லை' எண்டு போட்டிருக்கு. கீழை என்ரை கையெழுத்து. அதுக்குப் பக்கத்திலை உம்மடை கையெழுத்து." குரலைத் தாழ்த்தினார். "என்ரை பொய்க்கு நீர் ஏன் கையெழுத்து வைக்கவேணும்? வேலைக்கு வந்து ஒரு வருசம் ஆகேல்லை."

மணி மூன்றரை. ஐந்து மணிக்கு யார்ட் மூடிவிடும். கையில் கிடைத்த சான்றைக் கொண்டு ஓடிப்போய்க் காரை எடுக்கவேண்டிய மனிதர், எனக்காகத் திரும்பி வந்து நிற்கிறார். கோயிலில்கூட எனக்கு அப்படிப் புல்லரித்ததில்லை.

இனி எங்கள் மேலாளர். அவர் பெயரையும் சொல்லமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. வெள்ளைக்காரப் பெண், ஐம்பது வயதிருக்கும். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் குத்தியிருக்கும். வாயில் ஒரு பெப்பர்மின்ட். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். நான் படிவத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். 

"இந்த 'இல்லை' யாருடைய பதில்?" என்று கேட்டார். குரல் ஏற்கெனவே இறங்கியிருந்தது.

"என்னுடையது."

"அவரிடம் ஏன் கேட்கவில்லை?"

"எங்கள் ஆட்களில் பெரியவர்களிடம் இப்படிக் கேட்பதில்லை. அது மரியாதை இல்லை."

அவர் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். அண்ணை உட்காரவும் இல்லை. நெற்றி வியர்வையைத் துடைக்கவும் இல்லை. "அவர் இரண்டு முறை மூன்று மாடி ஏறியிருக்கிறார், நீ கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல," என்றார் மேலாளர். "இதுவா மரியாதை?" அதோடு விட்டார். அதற்கு மேல் ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை இதற்குள் மறந்திருப்பேன்.

இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பதினோராவது கேள்வியை அவரே வாசித்தார். நிதானமாக, எழுத்துக்கு எழுத்து. அண்ணை வங்கியில் கணக்குக் காட்டுகிறவர்போல நேராக இருந்து ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மூன்று விபத்து. முதலாவது, ஒரு டெய்ரிக் கடையின் சுவரில் பின்பக்கமாக இடித்தது. இரண்டாவது ரவுண்டபவுட்டில். மூன்றாவது அந்த லைட் கம்பம், அதில் குடித்திருந்தது, நீதிமன்றம் ஆறு மாதம் லைசென்சைப் பறித்தது, அந்த ஆறு மாதமும் முடிந்து லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது, இரண்டு கம்பனிகள் மறுத்தது. எதையும் குறைக்கவில்லை. மேலாளர் எல்லாவற்றையும் எழுதினார். பிறகு பழைய கவர் நோட்டின் இரண்டு தாளிலும் குறுக்காகக் கோடு கிழித்தார். அக்காவின் முகம் செத்துப்போயிற்று.

"உங்களுக்கு நான் காப்புறுதி தரமுடியாது," என்றார் அண்ணையிடம். பிறகு அக்காவைப் பார்த்துத் திரும்பினார். "உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா?"

இருந்தது. எடுத்து ஒரு மாதம். லைசென்ஸ் பறிபோன ஆறு மாதமும், இப்போது வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் காரில்தான் அக்கா வேலைக்குப் போனார், அந்த நாட்களில் அண்ணைதான் பிடிவாதமாக நின்று படிக்கவைத்திருந்தார். எடுத்த பிறகு அக்கா தனியே ஓடியது வீட்டிலிருந்து சந்திக் கடைவரைக்கும், அவ்வளவே.

"உங்கள் பெயரில் தரலாம். ஒரு நிபந்தனை. இவர் இந்தக் காரை ஓட்டக்கூடாது. ஒரு தெருக்கூட. ஓட்டினால் இந்தச் சான்று செல்லாது." நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற அதே ஆட்டம்தான். மேலாளர் அதைக் கவனித்துவிட்டார். பெப்பர்மின்டை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். தன் கைப்பையைத் திறந்து, தன்னுடைய கார்த் திறப்பை, நீங்கள் சொல்லும் சாவியை, எடுத்து, அக்காவுக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

"இது உங்கள் கார்த் திறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்," என்றார். அண்ணையைப் பார்த்து, "இப்போது நீங்கள் கேளுங்கள். வீட்டில் எப்படிக் கேட்பீர்களோ, அப்படி."

முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தேன். ஒருவருக்குக் காப்புறுதி கொடுக்கலாமா என்று பார்க்க எத்தனையோ பேர் எத்தனையோ வழி வைத்திருந்தார்கள். இப்படி ஒன்றை அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

அண்ணை தொண்டையைச் செருமினார். வீட்டில் கேட்கிற அதே அதட்டலோடுதான் கேட்டார், நடிக்கவில்லை. "மனோ, திறப்பைத் தாரும்."

அக்கா திறப்பைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். கல்யாணம் கட்டி இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதருக்கு "இல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருக்கமாட்டார் அவர். அண்ணை கண்ணால்கூட உதவி செய்யவில்லை. கையை நீட்டியபடியே இருந்தார். வெளியே தட்டச்சு அடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது, எல்லாரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா திறப்பை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டார். "தரமாட்டன்."

"என்ன சொன்னார்?" என்று மேலாளர் என்னிடம் கேட்டார்.

"முடியாது என்றார்," என்றேன். 

"நல்லது," என்றார் மேலாளர். கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார், பிறகு நினைவு வந்து பேனாவை எடுத்தார். ஃபைனான்ஸ் கம்பனியைத் தொலைபேசியில் பிடித்து, மனைவியின் பெயரில் காப்புறுதி இருந்தால் போதுமா என்று கேட்டு உறுதிசெய்தார். போதும் என்றார்கள், ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருந்தது. புதிய கவர் நோட் எழுதினார். நிபந்தனைக்குக் கீழே அண்ணை ஒப்பமிட்டார். மணி நாலு பத்து. பஸ்ஸில் போனால் மனுகாவுக்கு ஐந்துக்குள் போய்ச் சேரமுடியாது. "என் திறப்பைத் திருப்பித் தந்தால் நானே கொண்டுபோய் விடுகிறேன்," என்றார் அக்காவிடம். அப்போதுதான் அக்கா சிரித்தார்.

மேலாளர் தன் பழைய சின்னக் காரில் எங்கள் மூன்று பேரையும் அடைத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். அவருக்கே யாராவது பதினோராவது கேள்வியைக் கேட்கவேண்டும் என்று தோன்றியது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க யார்டில் தாளைக் கொடுத்தோம். காரை விட்டார்கள். மேலாளர் என் தோளைத் தட்டினார். "நீ அவர்களோடு பின் சீட்டில் போ. நாம் தாளில் எழுதியது ரோட்டில் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்."

பார்த்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலை விட்டு நகரமே வீடு திரும்புகிற நேரம். மனோ அக்கா வாழ்க்கையில் முதல்தடவையாக மோட்டர்வேயில் ஏறினார். மனுகாவிலிருந்து ரானுயிக்கு நகரத்தையே குறுக்கறுத்துப் போகவேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் எலும்பு தெரிந்தது. பக்கத்தில் லொறி வந்தால் "முருகா" என்பார். பின்னால் ஹோர்ன் அடித்தால் எனக்கு உயிர் போய் வந்தது. இடது பக்கச் சீட்டில் அண்ணை, இரண்டு கையையும் முழங்காலில் வைத்தபடி. இருபத்தைந்து வருடம் கார் ஓடிய மனிதர். அக்கா லேன் மாறத் திணறும்போதெல்லாம் அவர் வலது கால் தானாகவே இல்லாத பிரேக்கை மிதித்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. ஒரு "மெல்ல" இல்லை, ஒரு "பார்த்து" இல்லை. வடமேற்கு மோட்டர்வே முடிந்து, ஹெண்டர்சன் தாண்டி, அவர் மோதிய அந்தக் கம்பத்தையும் தாண்டி, வீட்டு வாசல்வரை ஒரு சொல் இல்லை.

காரை நிறுத்தியதும் அக்கா அழுதுவிட்டார். "நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாலும் நான் நடுரோட்டிலை விட்டிட்டு இறங்கியிருப்பன்," என்றார். அண்ணை உள்ளே போனார். அலுமாரியில் வைத்திருந்த இரண்டாவது கார்த் திறப்பை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"இதைக் கோப்பிலை போடும், பிள்ளை. வீட்டிலை இருந்தா எனக்கு நம்பிக்கை இல்லை."

திங்கட்கிழமை அதை மேலாளரிடம் கொடுத்தேன். அவர் அதை ஒரு கடித உறையில் போட்டு, கோப்பின் உள்பக்கத்தில் ஒட்டினார். படிவங்களுக்கு நடுவே ஒரு திறப்பு. புதிதாகச் சேருபவர்கள் கேட்டால், "அது ஒருவருடைய காப்புறுதிச் சான்று," என்பார்.

மூன்று வருடம். மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் சனிக்கிழமை பஜனைக்கு அக்கா கார் ஓடிவர, அண்ணை இடது பக்கக் கதவால் இறங்குவார். அந்தக் காலத்து எங்கள் ஆம்பிளைகளுக்குக் கேலி செய்ய அது போதாதா? "என்ன அண்ணை, சாமான் ஏத்தி இறக்கிற மாதிரி அக்கா உங்களை ஏத்தி இறக்கிறா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். "எனக்கு டிரைவர் இருக்கு. உனக்கு இருக்கோ?" என்றார் அண்ணை. மண்டபமே சிரித்தது. ஆறு மணி வேலைக்குப் போகும் அக்கா அவரை முதலில் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட, தன் வேலை தொடங்கும்வரை அவர் அங்கே ஒன்றரை மணி நேரம் காத்திருப்பார் என்பது சிரித்தவர்களுக்குத் தெரியாது. அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருந்த போத்தல் எப்போது இல்லாமல் போனது என்று நான் கேட்கவில்லை. இது படிவத்தில் இல்லாத கேள்வி. இதை அக்கா தானாகச் சொன்னார்.

மூன்று வருடம் ஒரு கீறல் இல்லாமல் போனதும், மேலாளர் நிபந்தனையை நீக்கினார். உறையைப் பிரித்துத் திறப்பை என்னிடம் தந்தார். "நீயே கொண்டுபோய்க் கொடு," என்றார். அதற்குள் நானும் கார் ஓடப் பழகியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரானுயிக்குப் போனேன்.

அண்ணை வாசலில் நின்றார். நான் திறப்பை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"முதல்லை அந்தக் கேள்வியைக் கேளும்."

"அண்ணை, அது தேவையில்லை, எல்லாம் எழுத்திலை இருக்கு."

"பதினோராவது கேள்வி. நீர் கேளும். அண்டைக்கு அந்த அம்மாதான் கேட்டவ, நீர் கேக்கேல்லை."

என் பையில் படிவம் இருந்தது. எடுத்தேன். எனக்குச் சோறு போட்ட மனிதரின் முகத்தைப் பார்த்து, அவருடைய மனைவி கேட்க, வாய்விட்டு, எழுத்துக்கு எழுத்து வாசித்தேன். விபத்துண்டா, தண்டனை உண்டா, மறுத்ததுண்டா?

"ஓம்," என்றார். "மூண்டு விபத்து. கடைசியிலை குடிச்சிருந்தனான். ரெண்டு கம்பனி மறுத்தது." அன்று மேலாளர் அறையில் இருந்த அதே நேரான முதுகு. நான் "ஆம்" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.  இந்த மனிதருக்கு மரியாதை செய்வது எப்படி என்று மூன்று வருடம் பிந்தி அப்போதுதான் எனக்கு விளங்கியது.

காப்புறுதி அக்காவின் பெயரில் இருந்தது. ஆகவே திறப்பை அக்காவின் கையில் கொடுத்தேன். அண்ணை அவர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். அதட்டல் இல்லை.

"மனோ, திறப்பைத் தாரும்."

அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். திறப்பை அவர் கையில் வைத்தார். பிறகு காரைச் சுற்றிப் போய், இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஓடுங்கோ," என்றார். "நான் ஒரு சொல்லும் கதைக்கமாட்டன்."

நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.